காலை நடை மட்டும் போதுமா?

கேள்வி: எனக்கு வயது 41. தினமும் காலையில் 40 நிமிடம் நடக்கிறேன். பிறகு ஒன்பது மணி நேரம் நாற்காலியில் அமர்ந்தபடியே வேலை. அப்பாவுக்கு நீரிழிவு உண்டு. அண்மைப் பரிசோதனையில் எனக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரை 112 என்று வந்திருக்கிறது. நடந்தும் ஏன் இப்படி? வேறு என்ன செய்ய வேண்டும்?

பதில்: நடையை நிறுத்திவிடாதீர்கள். வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலுழைப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. உங்கள் கணக்கு 280 நிமிடம் வருகிறது. குறை இருப்பது மீதமுள்ள நேரத்தில்தான். காலை நடையை முடித்ததும் அன்றைய கடமை தீர்ந்ததாக எண்ணிவிடுவோர் பலரை நான் பார்த்திருக்கிறேன்.

தசைகள் சுருங்கி விரியும்போது, இன்சுலினின் துணை இல்லாமலேயே இரத்தத்திலுள்ள சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும் ஆற்றல் பெற்றவை. உடலின் மிகப் பெரிய தசைகள் தொடையிலும் பிட்டத்திலும் இருக்க, மணிக்கணக்கில் அமர்ந்திருக்கையில் அவையே ஏறக்குறைய முழு ஓய்வில் கிடப்பதால், உணவுக்குப் பின் ஏறும் சர்க்கரையை இறக்கும் சுமை முழுவதும் இன்சுலின் மீது விழுகிறது. எனவே அரை மணிக்கு ஒருமுறை எழுந்து இரண்டு மூன்று நிமிடம் நடமாடுங்கள். மதிய உணவுக்கும் இரவு உணவுக்கும் பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் நடப்பது, சர்க்கரை உயரும் அதே வேளையில் தசைகளை வேலை வாங்குவதால், கூடுதல் பலன் தரும். வாரத்தில் இரண்டு நாளாவது தசை வலுவுக்கான பயிற்சியும் தேவை. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்துப் பன்னிரண்டு முறை எழுந்து அமர்வதில் தொடங்கலாம்.

வெறும் வயிற்றுச் சர்க்கரை ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் 100 முதல் 125 மில்லிகிராம் வரை இருப்பதை அமெரிக்க நீரிழிவுச் சங்கம் நீரிழிவுக்கு முந்தைய நிலை என்று வகுத்துள்ளது. இந்தக் கட்டத்திலிருந்து திரும்ப முடியும் என்பதற்கு வலுவான சான்று உண்டு. அமெரிக்காவில் நீரிழிவு அபாயம் மிகுந்த 3,234 பேரிடம் நடத்தப்பட்டு 2002இல் வெளியான ஆய்வில், உடல் எடையில் 7 விழுக்காட்டைக் குறைப்பதையும் வாரம் 150 நிமிட உடலுழைப்பையும் இலக்காகக் கொண்ட குழுவினருக்கு நீரிழிவு வருவது 58 விழுக்காடு குறைந்தது. சர்க்கரையைக் குறைக்கும் மெட்ஃபார்மின் மாத்திரை எடுத்தவர்களிடம் அந்தக் குறைவு 31 விழுக்காடுதான். உங்கள் எடையை நீங்கள் குறிப்பிடவில்லை. கூடுதல் எடை இருந்து, அது 80 கிலோ என்று வைத்துக்கொண்டால், அந்த 7 விழுக்காடு என்பது ஐந்தரைக் கிலோவுக்குச் சற்று மேல். ஆறேழு மாதங்களில் எட்டக்கூடியதே. இனிப்பிட்ட பானங்களை நிறுத்துவது அதற்கு எளிய தொடக்கம்.

உறக்கத்தையும் கவனியுங்கள். தொடர்ந்து குறைவாக உறங்கினால் இன்சுலினுக்கு உடல் இணங்கும் தன்மை குறையும்; ஏழு மணி நேரத்துக்குக் குறைய வேண்டாம். புகைப்பழக்கம் இருந்தால் அதை விடுவதே முதல் வேலை.

ஒரே ஒரு பரிசோதனையை வைத்து முடிவு கட்ட இயலாது. மருத்துவரிடம் காட்டி, மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி பரிசோதனையையும் இரத்த அழுத்தத்தையும் பார்த்துவிடுங்கள். எச்பிஏ1சி 5.7 முதல் 6.4 விழுக்காடு வரை இருந்தால் அதுவும் இதே முந்தைய நிலைதான். அதன்பின் ஆண்டுக்கு ஒருமுறையாவது பரிசோதியுங்கள். இடையில் அடங்காத தாகமோ, அடிக்கடி சிறுநீர் கழிக்கும் நிலையோ, காரணமற்ற எடைக் குறைவோ தோன்றினால், அந்தத் தவணைக்குக் காத்திராமல் உடனே மருத்துவரைப் பாருங்கள்.