தோமா வந்தது எங்கே? - கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

இயேசுவின் சீடர் தோமா (செயின்ட் தாமஸ்) மயிலாப்பூர் வந்தார் என்பதே போர்ச்சுக்கீசியர் கட்டிவிட்ட கதை என்று ஒரு யூடியூப் உரையில் கேட்டேன். என்னோடு வேலை பார்க்கும் கோட்டயத்து நண்பரோ, கி.பி. 52இல் தோமா கேரளக் கரையின் பழைய துறைமுகமான முசிறியில் வந்து இறங்கியது சரித்திரம், இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது என்று கோபப்படுகிறார். எது சரி? போர்ச்சுக்கீசியர் பழைய கபாலீசுவரர் கோயிலை இடித்துவிட்டு சாந்தோம் தேவாலயத்தைக் கட்டினார்கள் என்ற விஷயமும் அந்த உரையில் வந்தது. அதையும் சொல்லுங்கள்.

க., திருச்சி

அன்புள்ள க.,

முதலில் யூடியூப்காரரை முடித்துவிடலாம், அது சுலபம். போர்ச்சுக்கீசியர் மயிலாப்பூரில் தோமாவுடையது என்று சொல்லப்பட்ட கல்லறையைத் தோண்டியது 1523இல். அதற்கு இருநூறு வருஷத்துக்கும் முன்பே, 1290களில், மாபார் என்ற சோழமண்டலக் கரையில் ஒரு சின்ன ஊரில் தோமாவின் உடல் இருக்கிறது, கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் அங்கே யாத்திரை வருகிறார்கள், அங்குள்ள செம்மண்ணை எடுத்துப்போய்க் காய்ச்சல்காரர்களுக்குக் கொடுக்கிறார்கள் என்று மார்கோ போலோ சொல்லிவிட்டார். ஏறத்தாழ அதே காலத்தில் சீனா போகும் வழியில் மான்டெகொர்வினோவின் ஜான் என்ற துறவி இந்தியாவில் 13 மாதம் தங்கியிருந்தார். கூட வந்தவர் இறந்தபோது தோமா கோயிலில்தான் அடக்கம் செய்தார். கடிதத்தில் அவரே எழுதியிருக்கிறார். ஆக, கதை போர்ச்சுக்கீசியருடையது அல்ல. அவர்கள் வந்தபோது அது ஏற்கெனவே பழசு.

ஆனால் இதனால் உங்கள் நண்பர் ஜெயித்துவிட்டார் என்று ஆகாது. கதை எவ்வளவு பழசு என்பது ஒரு கேள்வி, சம்பவம் நடந்ததா என்பது வேறு கேள்வி. 1290 எங்கே, 52 எங்கே?

தோமாவையும் இந்தியாவையும் சேர்த்துச் சொல்லும் மிகப் பழைய நூல் 'தோமா பணிகள்'. மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பெரும்பாலும் எடெஸ்ஸாவில் (இன்றைய துருக்கியில் உள்ள ஊர்), சிரிய மொழியில் எழுதப்பட்டது. அதில் தோமா ஒரு தச்சர், ஹப்பான் என்ற வியாபாரிக்கு அடிமையாக விற்கப்பட்டு, அரண்மனை கட்டித் தருவதாகச் சொல்லி ஒரு ராஜாவிடம் பணம் வாங்கி, அதையெல்லாம் ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு, அரண்மனை சொர்க்கத்தில் தயாராகிறது என்கிறார் (ராஜா முகம் எப்படி இருந்திருக்கும்!). அந்த ராஜாவின் பெயர் கொண்டோபரஸ். வெறும் கற்பனைப் பெயர் என்றுதான் ரொம்ப நாள் நினைத்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் அவருடைய நாணயங்கள் ஆப்கானிஸ்தான், பஞ்சாப் பக்கம் கிடைத்தன, பெஷாவர் அருகே தக்த்-இ-பாஹி கல்வெட்டும் கிடைத்தது. அதில் அவருடைய ஆட்சியின் 26ஆம் ஆண்டும் ஒரு சகாப்தத்தின் 103ஆம் ஆண்டும் உண்டு. அது கி.மு. 57இல் தொடங்கும் விக்கிரம சகாப்தம் என்று கொண்டால் கி.பி. 46 வாக்கில் வருகிறது. காலம் பொருந்துகிறது!

பொருந்தினால் தோமா அங்கே போனார் என்று ஆகிவிடுமா? நம்மூர் சரித்திர நாவல்களில் ராஜராஜ சோழன் வருகிறான், அவன் நிஜம், அதற்காக அவனோடு பேசுகிற பாத்திரமெல்லாம் நிஜமாகிவிடாது. எடெஸ்ஸா வணிகப் பாதையில் இருந்த ஊர், கிழக்கே ஆண்ட ஒரு ராஜாவின் பெயர் அங்கே தெரிந்திருப்பதில் ஆச்சரியமில்லை. என்றாலும் ஒன்று உறுதி, பழைய தடயம் கை காட்டும் திசை வடமேற்கு. பழைய கிறிஸ்தவ அறிஞர் ஓரிகன், தோமா போன இடமாகச் சொன்னது பார்த்தியா நாட்டை, அதாவது பாரசீகப் பக்கத்தை. இரண்டாம் நூற்றாண்டின் கடைசியில் பாந்தேனுஸ் என்ற அலெக்சாந்திரிய ஆசிரியர் இந்தியா போனபோது அங்கே கேள்விப்பட்டது தோமா பெயரை அல்ல, இயேசுவின் இன்னொரு சீடர் பர்த்தலமேயுவின் பெயரை என்கிறார் திருச்சபை வரலாறு எழுதிய யூசேபியஸ். ஆறாம் நூற்றாண்டில் மலபார் கிறிஸ்தவர்களைப் பற்றி எழுதிய அலெக்சாந்திரிய வணிகர் காஸ்மாஸ்கூட தோமா பெயரை எடுக்கவில்லை.

முசிறிக்கு வந்திருக்கவே முடியாது என்று நான் சொல்லவில்லை. பருவக்காற்றைப் பிடித்தால் எகிப்திலிருந்து ஒரு யூதர் அங்கே வந்து சேரலாம், கப்பல்கள் வந்துகொண்டுதான் இருந்தன. ஆனால் வரலாம் என்பது வந்தார் ஆகாது. கேரளக் கிறிஸ்தவர்களைப் பற்றிய உறுதியான உள்ளூர் ஆவணம் என்றால் கொல்லத்து தேவாலயம் ஒன்றுக்குக் கொடுத்த 849ஆம் ஆண்டின் தரிசாப்பள்ளிச் செப்பேடுதான். அதற்கு முந்தி இருந்தார்கள் என்பதற்கு காஸ்மாஸ் சாட்சி. உங்கள் நண்பரின் சமூகம் 1,500 வருஷப் பழமை உள்ளது, இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. முதல் நூற்றாண்டுக்குப் போக மட்டும் பாலம் இல்லை. 2006இல் போப் பதினாறாம் பெனடிக்ட், தோமா மேற்கு இந்தியா வரை வந்தார், அங்கிருந்து கிறிஸ்தவம் தென்னிந்தியாவுக்குப் பரவியது என்கிற மாதிரிப் பேசிவிட்டார். கேரளாவில் கொதித்தெழுந்தார்கள், பிறகு வத்திக்கான் இணையதளத்தில் அந்த வரி திருத்தப்பட்டது. போப்புக்கே அந்தப் பாடு.

எனக்கு இதில் சுவாரசியமானது மரணக் கதைதான். 'தோமா பணிக'ளில் மஸ்தாய் என்ற ராஜாவின் உத்தரவில் நான்கு வீரர்கள் மலைமேல் ஈட்டியால் குத்திக் கொல்கிறார்கள், எலும்புகளைச் சீடர் ஒருவர் மேற்கே எடுத்துப் போகிறார். நான்காம் நூற்றாண்டில் அந்த எலும்புகள் எடெஸ்ஸாவில் இருப்பதாக சிரியக் கவிஞர் எஃப்ரேம் பாடுகிறார். 1258இல் இத்தாலியின் ஒர்த்தோனாவுக்குப் போயின என்பது அந்த ஊர்க்காரர்கள் கணக்கு. அப்படியானால் 1523இல் மயிலாப்பூரில் எடுத்தது யாருடைய எலும்பு? மயிலாப்பூரில் மார்கோ போலோ கேட்ட கதையோ வேறு. தோமா தோப்பில் ஜெபம் செய்துகொண்டிருந்தார், சுற்றிலும் மயில்கள், மயிலுக்குக் குறிவைத்தவனின் அம்பு தவறி அவர்மேல் பட்டுவிட்டது. வெறும் விபத்து! பிராமணர் ஒருவர் ஈட்டியால் குத்தினார் என்று இன்று இரண்டு பக்கமும் சண்டை போடுகிற கதை இதில் கிடையாது. பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய போர்ச்சுக்கீசியர் பார்போசாவும் வேட்டைக்காரன் கதையைத்தான் சொல்கிறார். அப்போது அந்தக் கல்லறையில் விளக்கேற்றிவந்தவர் பிச்சையெடுத்து எண்ணெய் வாங்கிய ஓர் ஏழை முஸ்லிம். இந்த வரியை எந்தக் கட்சியும் மேற்கோள் காட்டி நான் பார்த்ததில்லை.

கோயில் விஷயம் தனி. சம்பந்தர் பாடும் மயிலை அலையடிக்கும் கடற்கரை ஊர், இன்றைய கோயிலோ உள்ளே தள்ளி இருக்கிறது. சாந்தோமில் தமிழ்க் கல்வெட்டுத் துண்டுகளும் கிடைத்திருக்கின்றன. ஆக, பழைய கோயில் கடற்கரையில் இருந்ததா, அதை இடித்தார்களா என்ற கேள்வி நியாயமானது, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. ஆனால் அது 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர் என்ன செய்தார்கள் என்ற கேள்வி. தோமா வந்திருந்தாலும் வராவிட்டாலும் அதற்கான பதில் மாறாது. அந்தக் கல்வெட்டுகளைப் பற்றி வேறொரு பதிவில் எழுதுகிறேன், இதிலேயே போட்டால் கமெண்டில் நாம் இருவரும் மாட்டிக்கொள்வோம்.