பதில்: சரவிளக்கு நிறைந்த ஹோட்டல் லாபி, மெமரி பத்தவில்லை

முப்பரிமாணக் காட்சி செய்யும் பிளெண்டர் மென்பொருள் 3.3, 12 ஜிபி மெமரி உள்ள கிராபிக்ஸ் கார்டு, 40 சரவிளக்கு. ஜிபியுவில் (கிராபிக்ஸ் கார்டில்) ரெண்டர் செய்தால், அதாவது இறுதிப் படத்தை உருவாக்கினால், மெமரி தீர்ந்து நிற்கிறது, சிபியுவில் போட்டால் படம் முழுக்கப் புள்ளி என்கிறீர்கள். இரண்டும் வேறு வேறு சிக்கல் நண்பரே.

முதலில் மெமரி. விளக்குகளை ஷிப்ட்+டி போட்டு நகலெடுத்தீர்களா? அது ஒவ்வொன்றுக்கும் தனி மெஷ் (பொருளின் வடிவ வலை) உண்டாக்கும். ஆல்ட்+டி ஒரே மெஷ்ஷைப் பகிரும்; ஆனால் மேலே சப்டிவிஷன் (வலையை நுணுக்கமாக்குவது) போன்ற மாடிஃபயர், அதாவது வடிவத்தை மாற்றும் அமைப்பு, இருந்தால் ரெண்டரில் அந்த லாபம் போய்விடும். அதனால் மாடிஃபயரை அப்ளை செய்து (மெஷ்ஷிலேயே நிரந்தரமாக்கி), ஒரு விளக்கை மட்டும் கலெக்‌ஷனாக்கி, மற்ற 39-ஐயும் அதன் இன்ஸ்டன்ஸாக (அதே தரவைப் பகிரும் பிரதியாக) வையுங்கள். அப்புறம் டெக்ஸ்சர், அதாவது பரப்புகளில் ஒட்டும் படங்கள். ஜேபெக் கோப்பு 5 எம்பிதானே என்று ஏமாறக் கூடாது. 8192 x 8192 பிக்சல் படம் ஒன்று மெமரியில் விரிந்தால் 256 எம்பி. ரெண்டர் அமைப்பில் உள்ள சிம்ப்ளிஃபையில் டெக்ஸ்சருக்கு 2048 பிக்சல் வரம்பு வைத்துப் பாருங்கள், தூரத்துச் சுவரில் வித்தியாசமே தெரியாது.

புள்ளிகளுக்கு, 3.5 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்புக்கு மாறுங்கள். அதில் வந்த லைட் ட்ரீ இப்படிப்பட்ட காட்சிக்காகவே செய்தது. எந்த விளக்கு எந்த இடத்தைப் பாதிக்கும் என்று பார்த்துத் தேர்ந்தெடுக்கும். ஆனாலும் கண்ணாடிக் குமிழுக்குள் ஒளிரும் மெஷ் இருந்தால் அதுவும் திணறும். கண்ணாடியின் ஷேடோ ரே விசிபிலிட்டியை அணைத்து (அப்போது அது நிழல் போட்டு ஒளியை மறைக்காது), உள்ளே பாயிண்ட் லைட் வையுங்கள். ஒளிரும் மெஷ்ஷான இழை பார்வைக்கு மட்டும் இருக்கட்டும், அதன் மெட்டீரியலில் எமிஷன் சாம்ப்ளிங்கை ‘நன்’ (None) என்று வையுங்கள்; அப்போது அதை ஒரு விளக்காகத் தேர்ந்தெடுக்காது.

சாம்பிளை (ஒரு பிக்சலுக்கு எத்தனை முறை ஒளியைக் கணக்கிடுவது என்ற எண்ணை) ஏற்றுவது கடைசி வேலை.