இரண்டு நாள் பொறுக்கவில்லையே!

கேள்வி: மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மகள் எம்.எஸ்சி. கணிதம் முடிக்கப் போகிறாள். அமெரிக்காவில் பெரிய பல்கலைக்கழகம் ஒன்றில் டேட்டா சயின்ஸ் எம்.எஸ். படிக்க இடம் கிடைத்திருக்கிறது. சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தில் பிஎச்.டி.க்கும் தேர்வாகியிருக்கிறாள். அமெரிக்காவிலிருந்து மெயில் வந்த அன்று, ‘ரெண்டு நாள் யாருக்கும் சொல்லாதீங்கப்பா’ என்றாள். சந்தோஷம் தாங்காமல் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டேன். இப்போது தரமணிதான் போவேன் என்கிறாள். 50 லட்சம் கடனுக்கு வங்கியில் பேசிவிட்டேன், வீட்டை அடமானம் வைக்கவும் தயார். ‘விசா கிடைக்கலையா?’ என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். அவள் மனதை எப்படி மாற்றுவது?
– பெயர் வேண்டாம், திருநெல்வேலி

பதில்: ஊர் பெயர் மட்டும் மாறி, இதே கடிதம் ஒவ்வொரு வருடமும் எனக்கு வருகிறது. மனதை மாற்ற நான் வழி சொல்லப் போவதில்லை.

‘ரெண்டு நாள் யாருக்கும் சொல்லாதீங்கப்பா.’ போகிற போக்கில் இதை எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள். என்னால் போக முடியவில்லை. எதற்காக இரண்டு நாள் கேட்டாள் என்று யோசித்தீர்களா? அன்றைக்கே அவள் மனதில் தரமணி இருந்திருக்கிறது. அதை உங்களிடம் எப்படி ஆரம்பிப்பது என்று தவித்திருக்கிறாள். அந்த இரண்டு நாளில் உங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பேசியிருப்பாள். நீங்கள் அதற்கு இடம் கொடுக்கவில்லை. அப்பாவிடம் மட்டும் பேசி முடித்திருக்க வேண்டிய விஷயத்துக்கு இப்போது பெரியப்பா, அத்தை, மாமா என்று குரூப்பில் வாழ்த்துச் சொன்ன அத்தனை பேருக்கும் அவள் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. உதவித்தொகையோடு இடம் கொடுக்கும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பலவும் மாணவர் யோசித்து முடிவு சொல்ல ஏப்ரல் 15 வரை பொறுக்கின்றன. உங்கள் மகள் கேட்டது இரண்டே நாள், அதுவும் பெற்ற அப்பாவிடம்.

பெண்ணின் சம்மதத்தைக் கேட்காமல் கல்யாணப் பத்திரிகை அடித்து ஊரெல்லாம் கொடுத்துவிட்டு, ‘என் மானத்தைக் காப்பாத்தும்மா’ என்று அவள் முன்னால் நிற்கிற தகப்பனை நாம் பார்த்திருக்கிறோம். நீங்கள் செய்திருப்பதும் அதுதான். கடுமையாகப் பட்டால் படட்டும்.

பிள்ளையை நினைத்துப் பெருமைப்படாதீர்கள் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. கஷ்டப்பட்டுப் படிக்க வைத்தவருக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் அது அவள் எழுதி வாங்கிய இடம். அந்தச் செய்தியை ஊருக்கு எப்போது சொல்வது என்பதும் அவள் முடிவு.

தரமணியை ஏதோ கிடைக்காதவர்கள் போய்ச் சேரும் இடம் என்று நினைத்துவிட்டீர்கள் போலிருக்கிறது. 1962-ல் அல்லாடி ராமகிருஷ்ணன் தொடங்கிய நிறுவனம் அது; இன்று மத்திய அரசின் அணுசக்தித் துறை நிதியில் நடக்கிறது. அங்கே பிஎச்.டி. மாணவருக்கு மாதாமாதம் உதவித்தொகை உண்டு. அரசு ஆராய்ச்சி உதவித்தொகை 2023 முதல் ஆரம்பத்தில் 37,000 ரூபாய், பிறகு 42,000. படிக்கும்போதே தன் செலவைத் தானே பார்த்துக்கொள்வாள். இதையும் அந்த குரூப்பில் போட்டிருக்கலாமே, ஏன் தோன்றவில்லை?

கடன் கணக்குக்கு வாருங்கள். 50 லட்சத்துக்குப் பத்து சதவீத வட்டி, பத்து வருடத் தவணை என்றால் மாதம் சுமார் 66,000 ரூபாய் கட்ட வேண்டும். படிக்கிற காலத்தில் தவணை இல்லை என்பார்கள். வட்டி அப்போதும் ஏறிக்கொண்டுதான் இருக்கும். தனக்கு விருப்பமே இல்லாத படிப்புக்காக இதை அவள் தலையில் ஏன் கட்டுகிறீர்கள்? அப்புறம், வீட்டை அடமானம் வைக்கத் தயார் என்கிறீர்கள். அந்த வீட்டில் உங்கள் மனைவியும்தானே இருக்கிறார்? அவரைக் கேட்டீர்களா? கடிதத்தில் அவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஓய்வு பெற்ற வயதில் இருப்பது ஒரு கூரை. சொந்தக்காரர்கள் வாயை மூட அதைப் பணயம் வைப்பது குடும்பப் பொறுப்பு ஆகாது.

அமெரிக்கா எங்கேயும் ஓடிப் போகாது. பிஎச்.டி. முடித்தவர்கள் அங்கே சம்பளத்தோடு ஆராய்ச்சிக்குப் போகிறார்கள். வேண்டுமென்றால் அவளும் போவாள், அடமானம் இல்லாமல்.

குரூப்பில் நீங்கள்தான் போட்டீர்கள், நீங்களே மாற்றிப் போடுங்கள். ‘மகள் தரமணியில் கணித ஆராய்ச்சிக்குச் சேருகிறாள். அவள் முடிவு செய்வதற்குள் நான் அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன்’ – இவ்வளவு போதும். அனுப்புவதற்கு முன் அவளிடம் காட்டுங்கள், சரி என்றால் அனுப்புங்கள். ‘விசா கிடைக்கலையா?’ என்று கேட்பவர்களுக்கு நீங்களே ஃபோன் போட்டுப் பதில் சொல்லுங்கள். ஒருவரையும் அவளிடம் விடாதீர்கள்.

அவளுக்கும் ஒரு கடமை இருக்கிறது. கணிதத்தில் எதை ஆராயப் போகிறாள், அது ஏன் அவளுக்கு இவ்வளவு பிடிக்கிறது என்று உங்களுக்குப் புரிகிற மாதிரி உட்கார்ந்து சொல்ல வேண்டும். நீங்கள் கேட்டால் சொல்வாள். இன்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு, அவள் அம்மாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.