அம்மாவின் நம்பர் எங்கே போனது?

கேள்வி: திருகோணமலை உப்புவெளியில் கடலுக்குப் பக்கத்தில் ஆறு அறைகள் கொண்ட விடுதி நடத்துகிறோம். அப்பா தொடங்கியது. அவர் காலமாகி இரண்டு வருடமாகிறது. போன வருடம் கொழும்பு நண்பன் ஒருவன் மூலம் ஒன்றரை இலட்சம் ரூபா செலவழித்து இணையத்தளம் செய்தோம். ஒரு நாளைக்கு நாற்பது, ஐம்பது பேர் பார்க்கிறார்கள் என்று கணக்குக் காட்டுகிறது. ஆனால் நான்கு மாதத்தில் இரண்டே இரண்டு பதிவுதான் வந்தது. மற்றதெல்லாம் வெளிநாட்டுப் பதிவுத்தளங்கள் வழியாக வருகிறது. அவர்கள் 15 வீதம் கொமிஷன் எடுக்கிறார்கள். முன்பு அம்மாதான் போன் எடுப்பார். அவருக்கு ஆங்கிலம் வராது, வெள்ளைக்காரர் எடுத்தால் நன்றாக இருக்காது என்று நம்பரை எடுத்துவிட்டுப் படிவம் வைத்திருக்கிறோம். வடிவமைப்பை முழுதாக மாற்றுவதா? பட்டனின் நிறத்தை மாற்றினால் சரிவருமா? பேஸ்புக் விளம்பரத்துக்குக் காசு போடலாமா? – உப்புவெளி வாசகர்

பதில்: தம்பி, பட்டன் நிறத்தைப் பிறகு பார்ப்போம். நீங்கள் அனுப்பியது மூன்று பக்கக் கடிதம். இங்கே சுருக்கித்தான் போட்டிருக்கிறோம். மூன்று பக்கமும் இணையத்தளம். அம்மாவுக்கு ஒன்றரை வரி. நான் அந்த ஒன்றரை வரியிலேயே நின்றுவிட்டேன்.

"நன்றாக இருக்காது" என்று எழுதியிருக்கிறீர்கள். யாருக்கு நன்றாக இருக்காது? எடுத்தவர் யாராவது முறைப்பாடு செய்தாரா? அப்படி ஒன்றும் கடிதத்தில் இல்லை. வெட்கப்பட்டது நீங்கள்.

நீங்கள் கொடுத்த முகவரியை என் போனில் திறந்தேன். அது திறக்கும் என்று பார்த்துக்கொண்டு நின்றதில் அடுப்பில் பால் பொங்கி வழிந்துவிட்டது. கடைசியில் ஒரு படம் வந்தது: கடலுக்கு நடுவில் மரக்கால்களில் நிற்கும் ஓலைக் குடிசைகள். அது மாலைதீவுப் படம், தம்பி. உப்புவெளியில் அப்படிக் குடிசை எங்கே இருக்கிறது? நான் பார்த்து முடிக்குமுன் படம் தானாக நகர்ந்து இன்னொன்று வந்தது, பிறகு இன்னொன்று. சொர்க்கத்துக்கு வரவேற்கிறோம் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. அறை வாடகையைத் தேடினேன். "விலைக்குத் தொடர்புகொள்ளவும்." சரி, தொடர்புகொள்வோம் என்று அழுத்தினால் பதினொரு பெட்டிகள் உள்ள படிவம். கடவுச்சீட்டு இலக்கம் கட்டாயமாம்! நான் கோயிலுக்கு வர நினைக்கிற கிழவி, எனக்கெதற்குக் கடவுச்சீட்டு? ஏதோ ஒரு இலக்கத்தைப் போட்டு திங்கட்கிழமை அனுப்பினேன். இதை எழுதுவது வியாழக்கிழமை, இன்னும் பதில் இல்லை. அது உங்களுக்கு வருகிறதா, அல்லது கொழும்பு நண்பனின் மின்னஞ்சலில் போய் விழுகிறதா என்று இன்றைக்கே பாருங்கள். அந்த இரண்டு பேர் பதிவு செய்ததே எனக்கு அதிசயமாக இருக்கிறது.

இனி அம்மாவிடம் வருவோம். உங்கள் அம்மாவை எனக்குத் தெரியாது. ஆனால் வவுனியாவிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ ஒரு குடும்பம் எடுத்தால் என்ன கேட்டிருப்பார் என்று தெரியும். "எத்தினை பேர் வாறீங்கள்? சின்னப் பிள்ளையள் இருக்கினமோ? அப்ப கீழ் அறையைத் தாறன், படி ஏறத் தேவையில்லை. கோயிலுக்கோ வாறீங்கள்? மச்சம் இல்லாமல் சமைச்சு வைக்கிறன்." விலை பேச்சில் வருமுன்பே அந்தக் குடும்பம் மனதளவில் பெட்டி கட்டியிருக்கும். பார்க்க வருகிறவரை வாடிக்கையாளராக்குவது எப்படி என்று கேட்கிறீர்களே, உங்கள் வீட்டில் அதை வருடக்கணக்காக ஒருவர் செய்துகொண்டுதான் இருந்தார். அவரைத் தூக்கிவிட்டுப் பதினொரு பெட்டியை வைத்திருக்கிறீர்கள்.

நோயில் கிடந்த தாய் கும்பிடட்டும் என்று இராவணன் மலையையே பெயர்க்கப் பார்த்தான் என்று கதை சொல்கிற ஊர் உங்களுடையது. கோணேசர் கோயில் பாறையில் இராவணன் வெட்டைக் காட்டாமல் எந்த வழிகாட்டியும் விடமாட்டார். கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறும் அவன் தாயின் ஈமக்கடன் கழிக்க உண்டாக்கியதுதான் என்பார்கள். அந்த ஊரிலிருந்து ஒரு பிள்ளை தாயின் நம்பரை அழித்துவிட்டு எனக்குக் கடிதம் எழுதுகிறது. அதுவும் அப்பா போன கையோடு. அந்த வீட்டில் நாலு பேருடன் கதைக்க அவருக்கு இருந்த ஒரு வழி அந்தப் போன்தானே? தாயை ஒளித்து வைத்து நடத்துகிற வியாபாரம் எவ்வளவு ஓடினாலும் எனக்குப் பிடிக்காது. பழைய ஆள் என்று நினைத்தாலும் பரவாயில்லை.

உங்கள் பயத்துக்கு அடிப்படையும் இல்லை. வெளிநாட்டுக்காரர் அநேகமாக அழைப்பதில்லை, எழுதுகிறார்கள். பக்கத்தின் அடியில் எப்போதும் தெரிகிற மாதிரி வட்ஸ்அப் இணைப்பு ஒன்று வையுங்கள். நம்பரின் முன்னால் உள்ள 0-வை எடுத்துவிட்டு 94 சேர்த்தால்தான் அது வெளிநாட்டுப் போனிலும் சரியாகத் திறக்கும். அந்தச் செய்திகளுக்கு நீங்கள் பதில் போடுங்கள். பக்கத்திலேயே அம்மாவின் நம்பர், "தமிழில் கதைக்க" என்ற சொற்களோடு. அதைப் படமாக ஒட்டாமல் எழுத்தாக, தொட்டதும் அழைப்புப் போகிற மாதிரி வைக்கச் சொல்லுங்கள்.

அப்புறம் ஒரு சி.ஆர். கொப்பி வாங்கிக்கொண்டு அம்மாவுக்குப் பக்கத்தில் போய் இருங்கள். இத்தனை வருடமும் ஆட்கள் போனில் என்ன கேட்டார்கள் என்று கேட்டு, அவர் சொல்லச் சொல்ல எழுதுங்கள். ஏசி இருக்கிறதா, கரண்ட் போனால் ஜெனரேட்டர் ஓடுமா, வான் நிறுத்த இடம் உண்டா, இரவு ரயிலில் வந்து விடியற்காலையில் இறங்கினால் அறை தருவீர்களா, கோயிலுக்கு ஓட்டோ எவ்வளவு எடுப்பான், குளியலறை உள்ளேயா வெளியேயா. எது அதிகம் கேட்கப்பட்டதோ அது பக்கத்தில் மேலே வரவேண்டும். முதலாவது எப்படியும் வாடகையாகத்தான் இருக்கும், அதை எழுத்தில் போடுங்கள். விலையை மறைத்தால் அதிகமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு ஆள் அடுத்த விடுதியைப் பார்க்கப் போய்விடுவார். இதே பக்கம் தமிழிலும் சிங்களத்திலும் வேண்டும். கண்டியிலிருந்தும் குருநாகலிலிருந்தும் வருகிற குடும்பங்களுக்கு உங்கள் ஆங்கிலச் சொர்க்கம் எதற்கு?

காலத்தைப் பற்றியும் உள்ளதைச் சொல்லுங்கள். மே முதல் செப்ரெம்பர் வரை கடல் படுத்திருக்கும், புறாத்தீவுக்குப் படகு போகும். மார்கழி, தையில் வாடை அடித்தால் கடல் வேறு மாதிரி. டிசம்பருக்கு அறை கேட்கிற வெள்ளைக்காரருக்கு இதை முன்கூட்டியே எழுதினால் ஒரு பதிவு குறையலாம். எழுதாவிட்டால் ஒரு நட்சத்திரத்தோடு திட்டு வரும், அது வருடக்கணக்காக அங்கேயே கிடக்கும்.

மாலைதீவை எடுத்துவிட்டு உங்கள் அறை, குளியலறை, முற்றம், அம்மாவின் இடியப்பமும் சொதியும் வைத்த மேசை, இவற்றைப் பகல் வெளிச்சத்தில் உங்கள் போனிலேயே எடுங்கள். ஒவ்வொரு படமும் நாலைந்து எம்பி இருக்கும், அப்படியே ஏற்றக் கூடாது. இருநூறு கேபி அளவுக்குச் சுருக்கினால் போதும். மூன்று விநாடிக்கு மேல் இழுத்தால் கைபேசியில் பார்ப்பவர்களில் 53 வீதம் விட்டுவிட்டுப் போகிறார்கள் என்று கூகுளே 2016-இல் சொன்னது. பால் பொங்கும்வரை காத்திருக்க எல்லோரும் என்னைப் போல் வேலையற்றவர்களா?

கூகுள் வரைபடத்தில் விடுதியின் பெயரை உரிமையாளராகப் பதிந்து, நம்பரும் இந்தப் படங்களும் போடுங்கள். காசில்லை. பலர் உங்கள் தளத்துக்கு வராமல் அங்கிருந்தே அழைப்பார்கள். படிவத்தைத் தூக்க மனமில்லை என்றால் பெயர், நம்பர், திகதி மூன்றோடு நிறுத்துங்கள். பட்டன் பெருவிரலுக்கு எட்டுகிற இடத்தில், கண்ணில் படுகிற மாதிரி இருந்தால் சரி, பச்சையோ சிவப்போ உங்கள் விருப்பம். பேஸ்புக் விளம்பரம் இப்போது வேண்டாம். ஓட்டைக் குடத்துக்கு இன்னும் தண்ணீர் அள்ளாதீர்கள்.

கொமிஷன் என்று அழுதீர்களே. பத்தாயிரம் ரூபா அறைக்கு 1,500 ரூபா போகிறது. அந்தத் தளங்களை ஒரேயடியாக விடச் சொல்லவில்லை, வெளிநாட்டுக்காரர் உங்களைக் கண்டுபிடிப்பதே அங்கேதான். ஆனால் யாழ்ப்பாணத்துக் குடும்பமும் அங்கே போய்ப் பதிந்து, அந்த 1,500 ரூபா கடல் தாண்டிப் போவது எதற்காக? அம்மாவின் நம்பர் எங்கும் இல்லை, அவ்வளவுதான்.

சித்திரைப் புதுவருட விடுமுறைக்கு என் தங்கை வீட்டார் கோணேசர் கோயிலுக்கு வருகிறார்கள். ஆறு பேர், அதில் இரண்டு சின்னப் பிள்ளைகள், மச்சம் சாப்பிட மாட்டார்கள். என் தங்கை படிவம் நிரப்புகிற ஆளில்லை. நம்பரை எனக்கு எழுதி அனுப்புங்கள். உங்களுடையதை அல்ல, அம்மாவுடையதை.