கிளாஸ்கோவின் முதல் குளிர்காலமும் விற்றமின் டி குறைபாடும்

தம்பி, ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோவுக்கு வந்த முதல் குளிர்காலத்திலேயே உடல் அசதியும் தாம்பத்தியத்தில் நாட்டமின்மையும் ஏற்பட்டிருப்பதாகவும், விற்றமின் டி மாத்திரையால் இவை தீருமா என்றும் கேட்டிருந்தீர்கள். விடுமுறைக்கு இலங்கை மலையகத்து ஹட்டனுக்கு வந்திருக்கும் நான், எங்கள் தோட்டத்து லயத்தின் (வரிசை வீட்டின்) வாசலில் வெயில் காய்ந்தபடியே இதை எழுதுகிறேன்.

நுவரெலியாப் பனியில் வளர்ந்தவரைக் குளிர் என்ன செய்யும் என்று எழுதியிருந்தீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் விற்றமின் டி குறைபாடு குளிரால் வருவதன்று. நிலநடுக்கோட்டுக்கு 7 பாகை வடக்கிலுள்ள மலையகத்தில் ஆண்டு முழுவதும் சூரியன் உச்சியை ஒட்டியே ஏறுவதால், மூட்டம் விலகும் சிறிது நேரத்திலேயே கொழுந்து பறிப்பவரின் தோல் தனக்கு வேண்டிய விற்றமினைப் பெரும்பாலும் உண்டாக்கிக்கொள்ள முடிகிறது. 56 பாகையை ஒட்டிய கிளாஸ்கோவிலோ, ஒக்டோபர் முதல் மார்ச் தொடக்கம் வரை கதிர்கள் மிகச் சாய்ந்து வருவதால், அதற்குரிய புற ஊதா பி கதிர்களில் பெரும்பகுதி வளிமண்டலத்திலேயே அடைபட்டுப்போகிறது; எஞ்சியதிலும் ஒரு பங்கை நம் தோலுக்குக் கருநிறம் தரும் மெலனின் என்ற நிறமி மறித்துவிடுகிறது.

குறைபாடு முற்றினால் எலும்பு வலியும் தொடைத் தசைத் தளர்ச்சியும் வரும் என்பதில் ஐயமில்லை. குறைபாடுள்ள ஆண்களிடம் விறைப்புக் கோளாறும் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் இயக்குநீரின் குறைவும் கூடுதலாகக் காணப்படுவதாகப் பல ஆய்வுகள் கூறினாலும், மாத்திரை கொடுத்துப் பார்த்த சோதனைகளின் முடிவுகள் ஒன்றோடொன்று ஒத்துவரவில்லை. உடற்பருமனும் நீரிழிவும் இந்த விற்றமின் குறைபாடு, விறைப்புக் கோளாறு ஆகிய இரண்டோடுமே தொடர்புடையவை. எனக்கு மாத்திரையால் படியேறும்போது இருந்த தொடை வலி சில மாதங்களில் நீங்கியது. நாட்டம் திரும்பியதோ, இரவு வேலையை விட்டு ஒழுங்காகத் தூங்கத் தொடங்கிய பிறகுதான்.

நாளொன்றுக்கு 10 மைக்ரோகிராம், அதாவது 400 சர்வதேச அலகு (IU), போதும் என்பதே அங்குள்ள பொதுப் பரிந்துரை. நம்மைப் போன்ற நிறத்தவர் அதை ஆண்டு முழுவதும் எடுப்பதைப் பற்றி யோசிக்கலாம். விரைவில் குணமாகும் என்று நண்பர்கள் தரும் பெரிய மாத்திரைகளை விழுங்காதீர்கள். மருத்துவர் சொல்லாமல் 100 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. இரத்தத்தில் விற்றமின் அளவோடு சர்க்கரையையும், கூடவே இரத்த அழுத்தத்தையும் பார்க்கச் சொல்லுங்கள், ஏனெனில் விறைப்புக் கோளாறு சிலருக்கு இதயநோயின் முன்னறிகுறியாகவும் இருக்கும்; மனச்சோர்வுக்கு மருந்து எடுப்பவரானால் அதையும் மறைக்காமல் கூறுங்கள்.

மொழிபெயர்க்க மச்சானைக் கூட்டிச்செல்லாதீர்கள். அவர் முன் இதை உங்களால் பேசவே முடியாது. சந்திப்புக்குப் பதியும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள், கட்டணமின்றி ஏற்பாடு செய்வார்கள்.