சின்ன லினக்ஸ் ஃபயர்வால் ரவுட்டர்: கேளுங்கள், பதில் சொல்கிறேன்

இரண்டு நெட்வொர்க் போர்ட் உள்ள சின்னப் பெட்டி, அதில் ஏதாவது ஒரு லினக்ஸ், மேலே என்எஃப்டேபிள்ஸ் (லினக்ஸ் ஃபயர்வால் விதிகளை எழுதும் கருவி, கட்டளைப் பெயர் என்எஃப்டி). இதுதான் இன்றைய எல்லை. ஓப்பன்டபிள்யூஆர்டி (ரவுட்டருக்கான லினக்ஸ்) வைத்திருப்பவர்களும் கேட்கலாம். 22.03 பதிப்பிலிருந்து அதற்கும் அடியில் என்எஃப்டேபிள்ஸ்தான். வைஃபை எட்டவில்லை என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை.

கேட்கும்போது, விதியை மாற்றுவதற்கு முன் டிசிபிடம்ப்பை (பாக்கெட்டைப் பிடித்துக் காட்டும் கருவி) வேன் (இணையம்) பக்கம் ஒன்று, லேன் (வீட்டு வலை) பக்கம் ஒன்று என ஓடவிட்டு, பாக்கெட் எந்த இடம் வரை வந்தது என்று பார்த்துச் சொல்லுங்கள். அது தெரிந்தாலே பாதிக் கேள்விகளுக்கு நான் தேவைப்பட மாட்டேன்.

கம்பிவடம்: பிபிபிஓஇ இணைப்பு (பயனர் பெயர், கடவுச்சொல் கொடுத்துச் சேவையாளரோடு சேரும் முறை). பிங் போகிறது, டிஎன்எஸ் வேலை செய்கிறது, சில தளங்கள் உடனே திறக்கின்றன. சில தளங்கள் மட்டும் சுற்றிக்கொண்டே நிற்கின்றன. ரவுட்டருக்குள் இருந்து திறந்தால் அதே தளங்கள் ஒழுங்காக வருகின்றன. எங்கே பிரச்சினை, சார்?

பதில்: ரவுட்டரிலிருந்து வருகிறது, பின்னால் இருக்கும் கணினிக்கு வரவில்லை என்றீர்களே, அதுவே விடையைச் சொல்லிவிட்டது: எம்டியூ, அதாவது ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு. ஈதர்நெட் 1500 பைட். பிபிபிஓஇ அதில் 8 பைட்டை எடுத்துக்கொள்கிறது, மிச்சம் 1492. ரவுட்டருக்குத் தன் பிபிபி இடைமுகம் 1492 என்று தெரியும், அதனால் தான் தொடங்கும் இணைப்பில் சரியான அளவைச் சொல்லிவிடும். லேனில் இருக்கும் கணினிக்குத் தெரிந்தது 1500 மட்டுமே. எதிர்முனையும் 1500 பைட் பாக்கெட்டை அனுப்பும். அது வழியில் நுழையாது. "பெரிதாக இருக்கிறது, குறைத்து அனுப்பு" என்று ஐசிஎம்பி (வலையின் பிழை, நிலை அறிவிப்புகள்) வகை 3, குறியீடு 4 செய்தி திரும்பிப் போக வேண்டும். அந்தச் செய்தியை யாராவது அடைத்து வைத்திருந்தால் எதிர்முனை அதே பெரிய பாக்கெட்டையே மறுபடி மறுபடி அனுப்பிக்கொண்டிருக்கும். சின்னப் பக்கங்கள் வருவதும் பெரியவை தொங்குவதும் இதனால்தான்.

சோதிக்க: துண்டாக்கத் தடை போட்டு 1464 பைட் அளவில் பிங் விடுங்கள். 1464 உடன் தலைப்புகள் 28 சேர்ந்தால் 1492. அது போய் 1465 போகவில்லை என்றால் உறுதி.

தீர்வு எம்எஸ்எஸ் கிளாம்ப்: இணைப்பு தொடங்கும்போது இரு முனையும் சொல்லும் டிசிபி தரவின் உச்ச அளவை ரவுட்டரே குறைத்து எழுதுவது. ஃபார்வர்ட் செயினில் (பெட்டியைக் கடந்து போகும் பாக்கெட்டுக்கான விதி வரிசை) "டிசிபி ஃபிளாக்ஸ் சின், டிசிபி ஆப்ஷன் மேக்ஸ்செக் சைஸ் செட் ஆர்டி எம்டியூ" என்ற விதி. ஐபிவி4 க்கு 1452, ஐபிவி6 க்கு 1432 என்று கணக்கு தானே வரும்.

எல்லோரும் சறுக்குவது விதியின் இடத்தில். இணைப்பைத் தொடங்கும் சின் பாக்கெட் "புதிது" என்ற நிலையில் வரும். அதற்குப் பதிலாக வரும் சின்-ஆக் ஏற்கெனவே "எஸ்டாப்ளிஷ்ட்" (இணைப்பு நிறுவப்பட்டது) நிலையில் இருக்கும். எஸ்டாப்ளிஷ்ட் பாக்கெட்டை ஏற்கும் விதி மேலே இருந்தால் சின்-ஆக் அங்கேயே வெளியேறிவிடும், கிளாம்ப் விதியைத் தொடவே தொடாது. பதிவிறக்கம் சரியாகி பதிவேற்றம் மட்டும் தொங்கினால் காரணம் இதுதான். கிளாம்ப் விதியைச் செயினின் முதல் வரியாக வையுங்கள், அல்லது மேங்கிள் முன்னுரிமையில் (வடிகட்டும் விதிகளுக்கு முன்பே ஓடுவது) தனிச் செயினாகப் போடுங்கள்.

பாதிராத்திரி: எஸ்எஸ்எச் வழியாக விதிகளை மாற்றினேன். வெளியே தள்ளிவிட்டது. பெட்டி வேறு ஊரில். இனி இப்படி ஆகாமல் இருக்க?

பதில்: நான்கு விஷயம்.

விதிகளை ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்யாதீர்கள். கோப்பில் எழுதி, மைனஸ் சி கொடுத்து இலக்கணம் பாருங்கள், பிறகு மைனஸ் எஃப் (சிறிய எழுத்து) கொடுத்து ஏற்றுங்கள். என்எஃப்டி கோப்பு முழுவதையும் ஒரே மூச்சில் ஏற்றும். நடுவில் பிழை இருந்தால் எதுவும் மாறாது. பழைய ஃபயர்வால் கருவியான ஐபிடேபிள்ஸில் மைனஸ் எஃப் (பெரிய எழுத்து) என்றால் விதிகளை அழிப்பது. அங்கே விதிகள் போய்விடும், டிராப் பாலிசி (எந்த விதியிலும் பொருந்தாததை எறிந்துவிடுவது) அப்படியே நிற்கும், நீங்கள் வெளியே. என்எஃப்டியில் ஃபிளஷ் ரூல்செட் செயின்களையும் சேர்த்தே துடைத்துவிடும், கதவு முழுசாகத் திறந்துவிடும். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். அதே பெட்டியில் டாக்கர் (கன்டெய்னர்களை ஓட்டும் மென்பொருள்) ஓடினால் அதன் விதிகளும் இந்தத் துடைப்பில் போய்விடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இரண்டாவது, திரும்பும் வழி. இப்போதைய விதிகளை லிஸ்ட் ரூல்செட் கொடுத்து ஒரு கோப்பில் சேமியுங்கள். அந்த வெளியீட்டில் ஃபிளஷ் ரூல்செட் வரி இருக்காது. முதல் வரியாக நீங்களே அதைச் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் பழைய விதிகள் புதியவற்றின் வாலில் ஒட்டிக்கொள்ளும், மீட்சி நடக்காது.

மூன்றாவது, சிஸ்டம்டி-ரன் கொண்டு 120 வினாடி கழித்து அந்தக் கோப்பை ஏற்றும்படி டைமர் வைத்துவிட்டுப் புதியதை ஏற்றுங்கள். எல்லாம் சரியென்றால் டைமரை நிறுத்துங்கள். ஓப்பன்டபிள்யூஆர்டியின் லூசி வலைப்பக்கத்தில் மாற்றுபவர்களுக்கு இந்தத் திரும்பும் வசதி ஏற்கெனவே இருக்கிறது.

நான்காவது, புதிய விதிகளைச் சோதிக்கப் புதிய எஸ்எஸ்எச் இணைப்பைத் திறங்கள். பழைய சாளரம் எஸ்டாப்ளிஷ்ட் விதியால் உயிரோடு இருக்கும். அது வேலை செய்வது எதையும் நிரூபிக்காது.

புதுவரவு: எந்த வைஃபை கார்டு மூன்று மாடிக்கும் எட்டும்?

பதில்: முதல் பத்தியைப் பாருங்கள்.

ஏழாம் அடுக்கு: வீட்டுக்குள் இருக்கும் சர்வருக்கு போர்ட் ஃபார்வர்ட் போட்டேன், டிநேட் (சேருமிட முகவரியை மாற்றும்) விதி சரியாகத்தான் இருக்கிறது. வெளியிலிருந்து வரவே இல்லை.

பதில்: வேன் முகவரி என்ன? 100.64.0.0 முதல் 100.127.255.255 வரைக்குள் இருந்தால் உங்கள் சேவையாளர் பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறார். 10, 192.168, 172.16 முதல் 172.31 வரை என்று தொடங்கினால் முன்னால் இன்னொரு ரவுட்டர் இருக்கிறது. முதலாவதில் நீங்கள் என்ன விதி எழுதினாலும் பயனில்லை. பொது முகவரி கேட்டு வாங்க வேண்டும், அல்லது ஐபிவி6, அல்லது வெளியே ஒரு சர்வர் வைத்து வயர்கார்டு (விபிஎன்) சுரங்கம்.

முகவரி பொதுவானதுதான் என்றால் வேன் இடைமுகத்தில் டிசிபிடம்ப் போட்டு, செல்பேசியின் மொபைல் டேட்டாவிலிருந்து முயலுங்கள். சின் வரவில்லையா, பிரச்சினை உங்கள் பெட்டியில் இல்லை. வந்ததா, லேன் பக்கம் பாருங்கள். லேனில் வெளியே போகவில்லை என்றால் ஃபார்வர்ட் செயின் தடுக்கிறது. டிநேட் முகவரியை மாற்றும், அனுமதி தராது. "சிடி ஸ்டேட்டஸ் டிநேட்" ஏற்கும் விதி தனியாக வேண்டும். லேனில் போயும் பதில் வரவில்லை என்றால் சர்வரின் கேட்வே வேறு எங்கோ காட்டுகிறது, அல்லது சர்வரின் சொந்த ஃபயர்வால்.

இருமுனை: எனக்கு நேர்மாறு. வெளியிலிருந்து வருகிறது, வீட்டுக்குள் இருந்து அதே பொது முகவரியைக் கொடுத்தால் வரவில்லை.

பதில்: கணினி பொது முகவரியைக் கேட்கிறது, ரவுட்டர் அதை 192.168.1.20 ஆக மாற்றி அனுப்புகிறது. சர்வர் பார்க்கிறது: கேட்டவர் அதே லேன்காரர். ரவுட்டரைத் தாண்டி நேரடியாகப் பதில் போடுகிறது. கணினி பொது முகவரியிலிருந்து பதிலை எதிர்பார்த்தது, வந்ததோ 192.168.1.20 இலிருந்து. தூக்கி எறிந்துவிடும்.

ஒரு வழி: டிநேட் விதியை வேன் இடைமுகத்துக்குக் கட்டாமல் பொது முகவரிக்குக் கட்டி, லேனிலிருந்து வந்து லேனுக்கே திரும்பும் டிநேட் பாக்கெட்டுக்கு மாஸ்கரேட் (அனுப்புநர் முகவரியை ரவுட்டர் முகவரியாக மாற்றுவது) சேருங்கள். விலை என்னவென்றால் சர்வரின் பதிவில் வீட்டார் எல்லோரும் ரவுட்டர் முகவரியிலேயே தெரிவார்கள். நான் பரிந்துரைப்பது இரண்டாவது வழி: டிஎன்எஸ்மாஸ்க்கில் (ரவுட்டரில் ஓடும் டிஎன்எஸ் சர்வர்) அந்தச் சர்வரின் பெயருக்கு உள் முகவரியைக் கொடுத்துவிடுங்கள். உள்ளே இருப்பவர்கள் ரவுட்டரைத் தொடாமலே போவார்கள்.

நீலத்திரை: போர்ட் ஃபார்வர்ட் வேலை செய்யவில்லை, உதவுங்கள்.

பதில்: ஏழாம் அடுக்குக்குச் சொன்னதை முதலில் செய்துவிட்டு வாருங்கள். வேன் முகவரியின் முதல் இரண்டு எண்கள் இல்லாமல் அடுத்த பதில் இல்லை.

வாயிற்காப்போன்: வேன் உள்வரவுக்கு டிராப்பா (சத்தமின்றி எறிவது), ரிஜெக்டா (மறுப்பைச் சொல்லி அனுப்புவது)? டிராப் போட்டால் நம் பெட்டி இருப்பதே யாருக்கும் தெரியாதே.

பதில்: தெரியும். ஆளில்லாத முகவரிக்கு அனுப்பினால் பல வலைகளில் முந்தைய ரவுட்டர் "அங்கே யாரும் இல்லை" என்று சொல்லும். உங்கள் முகவரியிலிருந்து எந்தச் சத்தமும் வராததே அங்கே ஃபயர்வால் இருப்பதைக் காட்டிவிடும். போர்ட் ஸ்கேன் செய்யும் என்மேப் அதை "ஃபில்டர்டு" என்றே எழுதும். ஒரு போர்ட் திறந்திருந்தால் ஒளிவது என்ற பேச்சே இல்லை. ஓப்பன்டபிள்யூஆர்டி வேன் உள்வரவுக்கு முன்னிருப்பாக வைத்திருப்பது ரிஜெக்ட்தான்.

வாயிற்காப்போன்: ஆனால் ரிஜெக்ட் என்றால் போலி முகவரியோடு வரும் பாக்கெட்டுக்கெல்லாம் நாம் யாரோ ஒருவருக்குப் பதில் அனுப்புகிறோம். தாக்குதலுக்குக் கருவியாகிறோமே?

பதில்: நியாயமான கேள்வி. ரிஜெக்ட் அனுப்பும் டிசிபி ரீசெட் (இணைப்பை மறுக்கும் பாக்கெட்) 40 பைட், வந்த சின் அதைவிடச் சிறியதல்ல. ஆக எதிரொலி உண்டு, பெருக்கம் இல்லை. ஐசிஎம்பி பிழைச் செய்தி வினாடிக்கு எத்தனை போகலாம் என்று கர்னலே வரம்பு வைத்திருக்கிறது. ரீசெட்டுக்கு அந்த வரம்பு கிடையாது. எனவே ரிஜெக்ட் விதிக்கு வினாடிக்கு 20 என்று லிமிட் வைத்து, அடுத்த வரியில் டிராப். மிஞ்சியது மௌனமாகச் சாகும்.

சாம்பல்பெட்டி: குறுக்கே வருகிறேன். டிராப் போட்டால் ஸ்கேன் செய்பவன் காத்திருந்தே களைத்துப்போவான். ரிஜெக்ட் அவனுக்கு வேலையை எளிதாக்குகிறது.

பதில்: மாஸ்கேன் மாதிரிக் கருவிகள் எந்த இணைப்புக்கும் காத்திருப்பதில்லை, அனுப்பிவிட்டு நகர்ந்துவிடும். காத்திருப்பது உங்கள் சொந்தக் கணினிதான். லேன் பக்கத்தில் டிராப் வைத்துப் பாருங்கள்: தடுக்கப்பட்ட போர்ட்டை நாடும் லினக்ஸ் நிரல் ஒன்று, சொந்தக் காலக்கெடு வைத்திருக்காவிட்டால், முன்னிருப்பு அமைப்பில் இரண்டு நிமிடத்துக்கும் மேல் சின் அனுப்பிக்கொண்டே தொங்கும். ரிஜெக்ட் என்றால் அந்தக் கணமே பிழை தெரியும்.

சாம்பல்பெட்டி: அப்படியானால் எல்லா இடத்திலும் ரிஜெக்ட்டா?

பதில்: இல்லை. "இன்வாலிட்" நிலைப் பாக்கெட்டுக்கு ஒருபோதும் ரீசெட் அனுப்பாதீர்கள். தாமதமாகவோ வரிசை மாறியோ வந்த நல்ல பாக்கெட்டையும் இணைப்புப் பட்டியல் சில நேரம் இன்வாலிட் என்று சொல்லும். அதற்கு ரீசெட் போனால் உயிரோடிருக்கும் இணைப்பை நீங்களே வெட்டுகிறீர்கள். அங்கே டிராப் மட்டும். ஆக, லேனில் ரிஜெக்ட், இன்வாலிடுக்கு டிராப், வேனில் உங்கள் விருப்பம்.

வாயிற்காப்போன்: டிராப் சிபியூவை மிச்சப்படுத்துமே?

பதில்: இந்த அளவு பெட்டியில் சிபியூவையும் சேமிப்பையும் தின்பது லிமிட் இல்லாத லாக் விதி. இந்த வாக்குவாதத்தை இங்கே நிறுத்துகிறேன், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

நெரிசல்: கர்னல் பதிவில் "என்எஃப் கான்ட்ராக் டேபிள் ஃபுல், டிராப்பிங் பாக்கெட்" வருகிறது. சிஸ்சிடிஎல் (கர்னல் அமைப்பு) கோப்பில் அந்த டேபிளின் உச்ச எண்ணைக் கூட்டினேன், ரீபூட் செய்தால் பழைய எண்ணே.

பதில்: சிஸ்சிடிஎல் கோப்பு படிக்கப்படும் நேரத்தில் கான்ட்ராக் (இணைப்புப் பட்டியலை வைத்திருக்கும்) மாட்யூல் இன்னும் ஏறியிருக்காது. இல்லாத இடத்தில் எண்ணை எழுத முடியாது. மாட்யூல்ஸ்-லோட் அடைவில் அதன் பெயரைச் சேருங்கள். கூடவே, எஸ்டாப்ளிஷ்ட் டிசிபிக்கான முன்னிருப்புக் காலம் 432000 வினாடி, அதாவது 5 நாள். செத்த இணைப்புகள் அதுவரை இடத்தை அடைக்கும். 7440 ஆகக் குறைத்தால் போதும். அதன் பிறகும் நிரம்பினால் உள்ளே எந்தக் கணினி ஆயிரக்கணக்கில் திறக்கிறது என்று பாருங்கள்.

தாமதம்: யாராவது கோப்பு ஏற்றினால் வீடியோ அழைப்பு திக்கித் திக்கி வருகிறது.

பதில்: வேன் இடைமுகத்தில் கேக் (பாக்கெட்டுகளை முறைவைத்து அனுப்பும் கர்னல் வசதி) வரிசை போடுங்கள். கர்னல் 4.19 முதல் இருக்கிறது. வேகத்தை, அளந்த வேகத்தில் 90 விழுக்காடாக வையுங்கள். வரிசை மோடத்தில் சேராமல் உங்கள் பெட்டியில் சேர வேண்டும் என்பதுதான் நோக்கம். ஃப்ளோ ஆஃப்லோட் (பாக்கெட்டைக் குறுக்குவழியில் வேகமாக அனுப்பும் வசதி) இயங்கினால் நிறுத்துங்கள். அது பாக்கெட்டை கேக்கின் கணக்குக்குள் வராமல் கடத்திவிடக்கூடும்.

இரும்புக்கதவு: பாதுகாப்புக்காக ஐசிஎம்பி முழுவதையும் அடைத்தேன். ஐபிவி6 செத்துவிட்டது.

பதில்: சாகாமல்? ஐபிவி4 இல் ஏஆர்பி செய்யும் வேலையை ஐபிவி6 இல் செய்வதே ஐசிஎம்பிவி6 தான். பக்கத்துக் கணினியைத் தேடுவது, ரவுட்டரை அறிவது, "பாக்கெட் பெரிது" என்று சொல்வது எல்லாம் அதன் வழியே. வகை 133 முதல் 136 வரை, 1 முதல் 4 வரை கட்டாயம் திறந்திருக்க வேண்டும். ஐபிவி4 இலும் அடைக்காதீர்கள். கம்பிவடத்தின் தளங்கள் தொங்கியது இதே மாதிரி யாரோ எங்கோ அடைத்ததால். பிங் வெள்ளம் பயமென்றால் எக்கோவுக்கு (பிங் செய்தி) மட்டும் லிமிட்.

மஞ்சள்கேபிள்: போர்ட் ஃபார்வர்ட்...

பதில்: வேன் முகவரி.

மின்தடை: கரண்ட் போய் வந்தால் பெட்டி எழுகிறது, இணைப்பும் கிடைக்கிறது, ஆனால் எந்தப் பெயரும் தீர்வதில்லை. எண் முகவரிக்குப் பிங் போகிறது. டிஎன்எஸ்செக் (டிஎன்எஸ் பதிலின் கையெழுத்தைச் சோதிக்கும்) சரிபார்ப்பு வைத்திருக்கிறேன்.

பதில்: டேட் என்று தட்டிப் பாருங்கள். பேட்டரி தாங்கிய கடிகாரம் இல்லாத பெட்டி பழைய தேதியோடு எழும். டிஎன்எஸ்செக் கையெழுத்துகளுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. தேதி தவறென்றால் எல்லாம் செல்லாது. நேரத்தைத் திருத்த என்டிபி (நேரம் தரும்) சர்வரின் பெயர் தீர வேண்டும், பெயர் தீர நேரம் சரியாக இருக்க வேண்டும். முடிச்சை அவிழ்க்க ஒரு என்டிபி சர்வரையாவது எண் முகவரியில் கொடுங்கள். டிஎன்எஸ்மாஸ்க் என்றால் நேரம் சரியாகும் வரை தேதிச் சோதனையைத் தள்ளிப்போடும் அமைப்பும் அதில் இருக்கிறது, அதையும் இயக்குங்கள்.