பழைய கம்ப்யூட்டருக்கு லினக்ஸ் கர்னல் கட்டுவது: கேள்வி பதில்

486, பென்டியம், கே6 ஆகிய பழைய பிராசஸர்கள் உள்ள எந்திரங்களுக்கு லினக்ஸ் கர்னலை (ஹார்டுவேரையும் புரோகிராம்களையும் இணைக்கும் மையப் பகுதி) நாமே கான்ஃபிகர் செய்து (வேண்டியதைத் தேர்ந்தெடுத்து) கம்பைல் செய்வது (ஓடும் கோப்பாகக் கட்டுவது) பற்றிப் பலர் கேட்ட கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

கேள்வி: சார், 486 டிஎக்ஸ்2-66 ஒன்று கிடைத்தது. 16 எம்பி ரேம். எந்தக் கர்னல் வெர்ஷன் போடலாம்? இருப்பதிலேயே புதுசு போட்டால் நல்லதுதானே?

பதில்: இந்த வயது எந்திரத்துக்கு அப்படி இல்லை. 386-க்கான ஆதரவு 2013-ல் வந்த 3.8-லேயே போய்விட்டது. 486-ஐயும் எடுத்துவிடலாம் என்று 2025 ஏப்ரலில் கர்னல் டெவலப்பர் இங்கோ மோல்னார் திருத்தங்களை அனுப்பினார். அதனால் 486 வைத்திருப்பவர் நீண்டகால ஆதரவு தரப்பட்ட ஒரு வெர்ஷனைப் பிடித்துக்கொண்டு அதிலேயே நிற்பதுதான் சரி. என் தேர்வு 5.10. ஐடிஇ (டிஸ்க்கை இணைக்கும் பழைய முறை) வகைக்கான பழைய டிரைவர்கள் 5.14-ல் நீக்கப்பட்டுவிட்டன. 5.10-ல் அவை இன்னும் இருப்பதால், லிபாடா (அவற்றுக்குப் பதிலாக வந்த புதிய டிரைவர் தொகுப்பு) உங்கள் டிஸ்க் கன்ட்ரோலரோடு ஒத்துப்போகாவிட்டால் மாற்று வழி கையில் இருக்கும். அதற்குப் பிறகு வந்த வெர்ஷன்கள் அளவில் வளர்ந்தனவே தவிர, 486-க்கென்று சொல்லும்படி எதையும் கொண்டுவரவில்லை. ஒரு எச்சரிக்கை: இப்படி ஒரே வெர்ஷனில் நிறுத்திய எந்திரத்தை நேரடியாக இணையத்தில் திறந்து வைக்காதீர்கள், ரவுட்டருக்குப் பின்னால் இருக்கட்டும்.

உங்களுடையது டிஎக்ஸ் என்பதால் கணிதச் சில்லு உள்ளேயே இருக்கிறது. எஸ்எக்ஸ் வைத்திருப்பவர்கள் பிராசஸர் பட்டியலில் 486எஸ்எக்ஸ் என்பதையே தேர்ந்தெடுக்க வேண்டும். அப்போதுதான் மேத் எமுலேஷன் (கணிதச் சில்லின் வேலையை மென்பொருளால் செய்வது) மெனுவில் தலைகாட்டும். அதற்கும் முன்னால் 'மாடிஃபை எல்டிடி' சிஸ்டம் கால் என்ற தெரிவை ஆன் செய்திருக்க வேண்டும்.

கேள்வி: அண்ணா, 486-லேயே கம்பைல் பண்ண முடியுமா? எங்கிருந்து தொடங்குவது? டிஸ்ட்ரோ (ஆயத்த லினக்ஸ் தொகுப்பு) கர்னலின் கான்ஃபிக்கை எடுத்துத் தேவையில்லாததை வெட்டிக்கொண்டே போனால் முடிவே தெரியவில்லை.

பதில்: 486-ல் வேண்டாம். உங்கள் 64 பிட் லேப்டாப்பில் இருக்கும் ஜிசிசி கம்பைலர் போதும். ஒவ்வொரு மேக் கட்டளையிலும் 'ஆர்ச்=ஐ386' என்பதைச் சேர்த்தே தட்டுங்கள். அதை விட்டுவிட்டால் 64 பிட் கான்ஃபிக் உருவாகிவிடக்கூடும்.

வெட்டிக் குறைப்பதை விட, ஒன்றுமில்லாததிலிருந்து கட்டிக்கொண்டு வருவது எளிது. 'மேக் ஆர்ச்=ஐ386 டைனிகான்ஃபிக்' கொடுங்கள். பெயருக்கேற்றபடி அதில் எதுவுமே இருக்காது. திரையில் எழுத்துகூட வராது. பிறகு மெனுகான்ஃபிக் என்ற தெரிவு மெனுவில் இந்த வரிசையில் ஏற்றுங்கள். முதலில் பிராசஸர் வகை, ஏனென்றால் டைனிகான்ஃபிக் 686 என்று வைத்திருக்கும். அடுத்து பிரிண்ட்கே, டிடிஒய், விர்ச்சுவல் டெர்மினல், அதன் கன்சோல், விஜிஏ டெக்ஸ்ட் கன்சோல். இவை வந்தால்தான் கர்னல் என்ன சொல்கிறது என்பது தெரியும். கீபோர்டுக்கு ஐ8042-ம் ஏடி கீபோர்டும். புரோகிராம் ஓட எல்ஃப் பைனரி, ஷெல் ஸ்கிரிப்ட் ஓட அதற்கான தனி வரி. பிளாக் லேயர், அதன் மேல் ஸ்கஸி (இன்னொரு டிஸ்க் இணைப்பு முறை), ஸ்கஸி டிஸ்க், லிபாடா, உங்கள் கன்ட்ரோலரின் டிரைவர், எக்ஸ்ட்2 அல்லது எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டம். கடைசியாக ப்ராக், சிஸ், டெவ்டிஎம்பிஎஃப்எஸ் என்ற கர்னலின் உள் ஃபைல் சிஸ்டங்கள், கடைசியானதைத் தானாக மவுன்ட் செய்யும் தெரிவு.

ஐடிஇ டிஸ்க்குக்கு எதற்கு ஸ்கஸி என்று பலர் அதை விட்டுவிடுகிறார்கள். லிபாடா தன் டிஸ்க்குகளை ஸ்கஸி அடுக்கின் வழியாகத்தான் காட்டும். 'ஸ்கஸி டிஸ்க்' வரி இல்லாவிட்டால் ஏடிஏ டிரைவர் டிஸ்க்கைக் கண்டுபிடித்ததாக எழுதும், ஆனால் எஸ்டிஏ என்ற டிஸ்க் பெயர் வராது.

எஸ்எம்பி (பல பிராசஸர்), பிஏஇ, ஹைமெமரி (இரண்டும் மிக அதிக ரேமுக்கானவை) எதுவும் தேவையில்லை. டைமர் வேகத்தை 100 ஹெர்ட்ஸில் வையுங்கள். ரூட் டிஸ்க்கை (சிஸ்டம் இருக்கும் டிஸ்க்கை) மவுன்ட் செய்யத் தேவையானவை எல்லாம் கர்னலுக்குள்ளேயே இருக்கட்டும், தனிக் கோப்பான மாட்யூலாக வேண்டாம். அப்படிச் செய்தால் இனிட்ஆர்டி (பூட் ஆகும்போது ரேமில் ஏறும் தற்காலிக டிஸ்க்) தேவைப்படாது. 16 எம்பியில் அது பெரிய மிச்சம்.

கேள்வி: 16 எம்பி ரேம் உள்ள 486-ல் கர்னல் லோட் ஆகிறது, புள்ளிகள் ஓடி முடிகின்றன, அதோடு எந்திரம் உறைந்துவிடுகிறது. சில சமயம் ரீபூட் ஆகிவிடுகிறது. இதே கர்னல் 64 எம்பி பென்டியத்தில் ஓடுகிறது. ரேம் கெட்டுவிட்டதா?

பதில்: ரேம் கெடவில்லை. கர்னலின் இயல்பு அமைப்பே இந்த எந்திரத்தை எண்ணி வைக்கப்பட்டதல்ல. 'ஃபிசிக்கல் ஸ்டார்ட்' என்ற மதிப்பைப் பாருங்கள். ஹெக்ஸில் 1000000 என்றிருக்கும். அது சரியாக 16 எம்பி. கர்னல் தன்னை விரித்துக்கொள்ளப் போகும் இடம் 16 எம்பிக்கு மேலே; உங்கள் ரேமோ 16-ல் முடிந்துவிடுகிறது. இல்லாத ரேமில் எழுதிவிட்டு அங்கே தாவுகிறது. அதனால்தான் பிழைச் செய்தி எதுவும் வருவதில்லை.

அதை ஹெக்ஸ் 100000, அதாவது 1 எம்பி, என்று மாற்றுங்கள். அதோடு நிறுத்தக் கூடாது. பக்கத்திலேயே 'ஃபிசிக்கல் அலைன்' இருக்கிறது. இயல்பாக ஹெக்ஸ் 200000. கர்னல் தொடக்க முகவரியை இந்த அளவின் மடங்குக்கு மேல்நோக்கி நகர்த்திக்கொள்ளும், ஆக நீங்கள் 1 எம்பி என்று எழுதினாலும் 2 எம்பியில்தான் உட்காரும். 16 எம்பி எந்திரத்தில் அந்த ஒரு எம்பிக்கும் மதிப்பு உண்டு, அலைனையும் 100000 ஆக்கிவிடுங்கள். ஃபிசிக்கல் ஸ்டார்ட் மெனுவில் தெரியவில்லை என்றால் 'எக்ஸ்பெர்ட்' தெரிவு அணைந்திருக்கிறது என்று பொருள்.

அப்படியே சுருக்கும் முறையையும் பாருங்கள். டைனிகான்ஃபிக் எக்ஸ்இசட் என்ற முறையைத் தேர்ந்தெடுத்திருக்கும். கோப்பு சிறியதாகும், ஆனால் 486-ல் விரிக்க வெகுநேரம் எடுக்கும். அதையே 'உறைந்துவிட்டது' என்று நினைத்துப் பவரை அணைப்பவர்கள் உண்டு. ஹார்டு டிஸ்க்கிலிருந்து பூட் செய்தால் ஜிஜிப் போதும். 1.44 எம்பி ஃப்ளாப்பிக்குள் அடக்க வேண்டும் என்றால் மட்டும் எக்ஸ்இசட்.

கேள்வி: 'விஎஃப்எஸ்: அனேபிள் டு மவுன்ட் ரூட்' என்று கர்னல் பேனிக் ஆகி நின்றுவிடுகிறது. இணையத்தில் தேடினால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

பதில்: அந்த வரியின் கடைசியில் அடைப்புக்குறிக்குள் இரண்டு எண் இருக்கும். பதில் அங்கேதான் இருக்கிறது. 0,0 என்றால் நீங்கள் 'ரூட்=' என்று கொடுத்த டிஸ்க்கே கர்னலுக்குத் தெரியவில்லை: கன்ட்ரோலர் டிரைவர் இல்லை, அல்லது பெயர் தவறு. பழைய குறிப்புகளைப் பார்த்து எச்டிஏ1 என்று எழுதிவிட்டு லிபாடாவைப் போட்டிருந்தால் இதுதான் வரும்; எஸ்டிஏ1 என்று மாற்றுங்கள். 8,1 என்று வந்தால் டிஸ்க்கும் பார்ட்டிஷனும் தெரிகின்றன, அதிலுள்ள ஃபைல் சிஸ்டத்தைப் படிக்கத்தான் டிரைவர் இல்லை.

கன்ட்ரோலர் எது என்று தெரிந்துகொள்ள போர்டின் சிப்செட்டைப் பாருங்கள். இன்டெல் பிஐஐஎக்ஸ்3, பிஐஐஎக்ஸ்4 இரண்டுக்கும் ஒரே டிரைவர். முதல் பிஐஐஎக்ஸுக்கு 'ஓல்டு பிஐஐஎக்ஸ்' என்று தனியாக இருக்கிறது. பிசிஐ இல்லாத, அதற்கு முந்தைய ஐஎஸ்ஏ ஸ்லாட் மட்டும் உள்ள 486 என்றால் 'லெகசி ஐஎஸ்ஏ பாட்டா'.

ரூட் மவுன்ட் ஆகி, அடுத்த படியில் இனிட் (கர்னல் ஓட்டும் முதல் புரோகிராம்) விழுந்தாலும் எண்ணைத்தான் படிக்க வேண்டும். பிழை -8 என்றால் எல்ஃப் பைனரி வரியை விட்டுவிட்டீர்கள். 'அட்டெம்ப்டட் டு கில் இனிட்' என்று வந்து எக்ஸிட்கோட் 4-ல் முடிந்தால், அந்த பிராசஸருக்குத் தெரியாத கட்டளை ஒன்று இனிட்டுக்குள் இருக்கிறது. அப்போது குற்றம் கர்னலில் இல்லை. பிஸிபாக்ஸை (இனிட் உட்பட அடிப்படைக் கட்டளைகளின் சிறு தொகுப்பு) 'மார்ச்=ஐ486' என்று கொடுத்து லேப்டாப்பில் ஸ்டேட்டிக்காகக் கட்டுபவர்களுக்கு இது அடிக்கடி நேரும். அவர்கள் எழுதிய பகுதி 486-க்குத்தான் கம்பைல் ஆகியிருக்கும். உள்ளே இணைக்கப்பட்ட சி லைப்ரரி 686-க்குக் கட்டப்பட்டது. பில்ட்ரூட் என்ற கட்டும் கருவியில் 486-ஐத் தேர்ந்தெடுத்து லைப்ரரி உட்பட எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டுவதே நிம்மதி.

கேள்வி: ஏஎம்டி கே6-2, 400 மெகாஹெர்ட்ஸ். 'ஐ686 தேவை, ஐ586 மட்டுமே இருக்கிறது' என்று கர்னல் மறுக்கிறது. பென்டியம் 2-ஐ விட வேகமான சில்லு இது!

பதில்: வேகம் இங்கே கணக்கில் வராது. கே6 வரிசையில் சிமூவ் என்ற கட்டளை கிடையாது, குடும்ப எண்ணும் 5தான். பிராசஸர் பட்டியலில் கே6 என்றே ஒரு வரி இருக்கிறது, அதைத் தேர்ந்தெடுங்கள். டிஸ்ட்ரோவும் 586-க்குக் கட்டியதாக இருக்க வேண்டும். டெபியன் 9 முதல் 686 கேட்கிறது. 32 பிட் ஸ்லாக்வேர் 15.0 உங்கள் சில்லில் ஓடும்.

கேள்வி: 430விஎக்ஸ் சிப்செட் போர்டில் 64 எம்பி ரேமை 128 ஆக்கினேன். எந்திரம் முன்னைவிட மந்தமாகிவிட்டது. கர்னலில் ஏதாவது மாற்ற வேண்டுமா சார்?

பதில்: இன்டெல் 430எஃப்எக்ஸ், 430விஎக்ஸ், 430டிஎக்ஸ் மூன்றும் முதல் 64 எம்பியை மட்டுமே இரண்டாம் நிலைக் கேச்சில் வைக்கும். அதற்கு மேல் உள்ள ரேமைத் தொடும் ஒவ்வொரு முறையும் நேரே மெயின் மெமரிக்குப் போக வேண்டியிருக்கிறது. எந்த மெமரிப் பகுதி கேச்சுக்குள் வரும், எது வராது என்று கர்னலுக்குத் தெரியாது. அதிகம் ஓடும் புரோகிராமே மந்தமான பாதியில் போய் உட்காரலாம். 430எச்எக்ஸுக்கு மட்டும் இந்தச் சிக்கல் குறைவு. கூடுதல் டேக் ரேம் (கேச்சில் எது இருக்கிறது என்று குறித்துவைக்கும் சில்லு) இருந்தால் அது 512 எம்பி வரை கேச் செய்யும்.

கூடுதல் ரேமைப் பிடுங்கி எறிய வேண்டியதில்லை. இதற்கென்றே கர்னலில் ஒரு டிரைவர் இருக்கிறது, பலர் கண்ணில் படுவதில்லை. எம்டிடி (ஃப்ளாஷ் போன்ற மெமரி சாதனங்களுக்கான) மெனுவுக்குள் 'அன்கேச்டு சிஸ்டம் ரேம்', அதாவது எஸ்எல்ரேம். அதையும் எம்டிடி பிளாக் தெரிவையும் கர்னலுக்குள் கட்டுங்கள். பூட் வரியில் 'மெம்=64எம் எஸ்எல்ரேம்=ஸ்வாப்,64எம்,+63எம்' என்று கொடுங்கள். கர்னல் வேகமான 64 எம்பியில் மட்டும் வேலை செய்யும். மீதி எம்டிடிபிளாக்0 என்ற சாதனமாக வரும். அதில் எம்கேஸ்வாப் போட்டு ஸ்வாப் (ரேம் போதாதபோது பயன்படும் மாற்று இடம்) ஆக்கி, 'ஸ்வாப்ஆன் -பி 10' என்று டிஸ்க் ஸ்வாப்பைவிட உயர்ந்த முன்னுரிமை கொடுங்கள். கேச் இல்லாத ரேமானாலும் டிஸ்க்கைவிடப் பல மடங்கு வேகம். 64-க்குப் பதில் 63 எழுதியது, பயாஸ் உச்சியில் கொஞ்சம் ஒதுக்கியிருந்தால் அதன்மேல் எழுதிவிடாமல் இருக்க.

கேள்வி: எனக்கு நேர் எதிர். 32 எம்பி போட்டிருக்கிறேன், கர்னல் 15 எம்பிதான் காட்டுகிறது.

பதில்: பயாஸில் '15-16 எம்பி மெமரி ஹோல்' ஆன் செய்யப்பட்டிருக்கும். அணைத்துவிடுங்கள். சில பழைய ஐஎஸ்ஏ வீடியோ கார்டுகளுக்காக வைத்தது அது.

கேள்வி: ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் அடாப்டர் வைத்து சிஎஃப் (காம்பாக்ட் ஃப்ளாஷ்) கார்டு போட்டேன். 'ரீட் டிஎம்ஏ' தோல்வி என்று வந்து, ஒவ்வொரு முறையும் அரை நிமிடம் நிற்கிறது.

பதில்: மலிவான அடாப்டர்கள் பலவற்றில் டிஎம்ஏ (பிராசஸர் இல்லாமல் தரவை நேரே மெமரிக்கு அனுப்பும் முறை) கம்பிகளை இணைத்திருக்க மாட்டார்கள். கார்டு தனக்கு டிஎம்ஏ தெரியும் என்கிறது, கர்னல் நம்பிக் கேட்கிறது, பதில் வராமல் காத்திருக்கிறது. பூட் வரியில் 'லிபாடா.டிஎம்ஏ=3' சேர்த்தால் டிஸ்க்குக்கும் சிடி ரோமுக்கும் டிஎம்ஏ இருக்கும், சிஎஃப்புக்கு இருக்காது. சில கார்டுகள் தம்மைச் சாதாரண டிஸ்க் என்று அறிவித்துக்கொள்ளும். அவற்றுக்கு இது பலிக்காது. அப்போது மதிப்பை 0 ஆக்குங்கள், அல்லது 'லிபாடா.ஃபோர்ஸ்=1.00:பிஐஓ4' என்று அந்த ஒன்றை மட்டும் கட்டுப்படுத்துங்கள்.

பழைய பயாஸ் டிஸ்க்கில் 504 எம்பி வரைதான் பார்க்கும் என்ற வரம்பு பற்றியும் சிலர் கேட்டிருந்தார்கள். 1024 சிலிண்டர், 16 ஹெட், 63 செக்டர் என்ற கணக்கில் வருவது அது. கர்னல் எழுந்த பின் பயாஸைக் கேட்பதில்லை, அதனால் அந்த வரம்பு பூட்லோடருக்கு மட்டுமே. டிஸ்க்கின் தொடக்கத்தில் 32 எம்பி அளவில் பூட் பார்ட்டிஷன் ஒன்று போட்டு, கர்னலை அதில் வைத்தால் போதும்.

கேள்வி: ஐஎஸ்ஏ என்இ2000 நெட்வொர்க் கார்டு. ஈத்0 வருகிறது, மேக் முகவரியும் சரியாகத் தெரிகிறது. பிங் மட்டும் போகவே இல்லை.

பதில்: முகவரி தெரிகிறது என்றால் ஐஓ போர்ட் (கர்னல் கார்டோடு பேசும் இடம்) சரி, ஐஆர்க்யூ (கார்டு பிராசஸரை அழைக்கும் எண்) தவறு. பிங் ஓடிக்கொண்டிருக்கும்போது 'ப்ராக்' அடைவில் உள்ள இன்டரப்ட்ஸ் கோப்பைப் பாருங்கள். ஈத்0 வரியில் எண்ணிக்கை ஏறாமல் 0-விலேயே நிற்கும். சற்று நேரத்தில் 'டிரான்ஸ்மிட் டைம்டு அவுட்' என்றும் வரும்.

இந்தக் கார்டுகள் பெரும்பாலும் ஐஆர்க்யூ 3-ல் அமைக்கப்பட்டு வரும். அது இரண்டாவது சீரியல் போர்ட்டின் இடம். ஜம்பரையோ, கார்டோடு வந்த டாஸ் புரோகிராமையோ கொண்டு 10-க்கு மாற்றுங்கள். பிசிஐ போர்டு என்றால் இன்னொரு வேலையும் இருக்கிறது: பயாஸில் ஐஆர்க்யூ 10-ஐ 'லெகசி ஐஎஸ்ஏ' என்று குறிக்க வேண்டும். இல்லாவிட்டால் பயாஸ் அதே எண்ணைப் பிசிஐ கார்டுக்குக் கொடுத்துவிடும். டிரைவர் கர்னலுக்குள் இருந்தால் பூட் வரியில் 'ஈதர்=10,0எக்ஸ்300,ஈத்0'. மாட்யூல் என்றால் 'ஐஓ=0எக்ஸ்300 ஐஆர்க்யூ=10' கட்டாயம்; மாட்யூலாக ஏறும்போது அது கார்டைத் தானாகத் தேடாது.

சவுண்ட் பிளாஸ்டர் 16-க்கும் இதே ஒழுங்குதான்: போர்ட் 0எக்ஸ்220, ஐஆர்க்யூ 5, டிஎம்ஏ8=1, டிஎம்ஏ16=5. ஜம்பர் வைத்த கார்டு என்றால் 'ஐஎஸ்ஏபிஎன்பி=0' என்றும் சேருங்கள். கர்னலில் ஐஎஸ்ஏ டிஎம்ஏ ஆதரவு இருக்க வேண்டும். கார்டால் 16 எம்பிக்குக் கீழே மட்டுமே எட்ட முடியும்.

கேள்வி: பேனிக் வரும்போது முக்கியமான வரிகள் மேலே ஓடிவிடுகின்றன. ஷிஃப்ட்-பேஜ்அப்பும் வேலை செய்வதில்லை.

பதில்: பேனிக்குக்குப் பிறகு கீபோர்டை நம்ப முடியாது. சீரியல் போர்ட்டைப் பயன்படுத்துங்கள். 8250 டிரைவரையும் அதன் கன்சோல் தெரிவையும் கர்னலுக்குள் கட்டி, 'கன்சோல்=டிடிஒய்எஸ்0,9600என்8 கன்சோல்=டிடிஒய்0' என்று கொடுங்கள். இரண்டிலும் செய்தி வரும். கடைசியாக எழுதியதே இனிட்டின் கன்சோலாகும். இரண்டு எந்திரங்களுக்கும் நடுவே நல்மோடம் கேபிள் (அனுப்பும், பெறும் கம்பிகள் குறுக்கே மாற்றியது) வேண்டும், சாதாரண மோடம் கேபிள் உதவாது. 8250 சீரியல் சில்லு உள்ள போர்டில் 16 பைட் ஃபிஃபோ (தற்காலிகச் சேமிப்பு) இல்லை, 9600 வேகத்தைத் தாண்டாதீர்கள். கன்சோல் எழும்பும் முன்பே விழுகிறது என்றால் 'எர்லிபிரிண்ட்கே=சீரியல்,டிடிஒய்எஸ்0,9600' சேருங்கள்.

கேள்வி: ஷட்டவுன் கொடுத்தால் பவர் போவதில்லை. ஏசிபிஐ சேர்க்கவா?

பதில்: ஏடிஎக்ஸ் போர்டு என்றால் ஏபிஎம் (ஏசிபிஐக்கு முந்தைய பவர் நிர்வாக முறை) சேருங்கள், அந்தக் காலத்துப் பயாஸுக்கு அதுதான் பொருந்தும். அதற்கு முந்தைய ஏடி பவர் சப்ளை என்றால் எந்தக் கர்னலாலும் முடியாது. சுவிட்ச் நேரடியாகக் கரண்ட்டையே வெட்டும் வகை. 'சிஸ்டம் ஹால்டட்' என்று வந்த பிறகு கையால் அணைத்துவிடுங்கள்.